பாப்பியே வசீகரன்

“பொய் சொன்னது பொய்தான் அம்மா. அதைப் பேந்து—”

“நான் எங்கயடா பொய் சொன்னனான்? மகனுக்கு என்ன வேலை எண்டு யோசெப் கேட்டவர், நான்—”

“கடதாசி எண்டா எழுதிற கடதாசி எண்டுதானே ஆரும் நினைப்பினம்.”

“—கடதாசி எண்டனான். எழுதிறதும் கடதாசி, நீ விளையாடுறதும் கடதாசி. சொல்லில பிழை இருந்தாக் காட்டு.”

“கடவுளே.”

“அவரைக் கூப்பிடாதை. அவருக்கும் அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன்.”

மொன்றியலின் கர்க்லாண்டில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. நல்லம்மா தோசைக்கல்லுக்கு முன்னால் அகப்பையோடு நின்றாள். மகன் வசீகரன் தட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு இருந்தான். தகப்பன் அரியரத்தினம் மட்டும் இரண்டு பக்கமும் தலையை ஆட்டியபடி நாலாவது தோசையில் நின்றார்.

வசீகரன் போக்கர் என்ற சீட்டாட்டம் விளையாடி உழைக்கிறவன்; சீட்டுக்கும் இவர்கள் பேச்சில் கடதாசி என்றுதான் பேர். என்ஜினியரிங் படிக்கப் போன இடத்தில், இரண்டாம் வருசம் பொழுதுபோக்காகக் கொம்பியூட்டரில் விளையாடத் தொடங்கினான். மூன்றாம் வருசம் படிப்பு பொழுதுபோக்காகிவிட்டது. அதற்குப் பிறகு மொன்றே கார்லோ, பார்சலோனா, பஹாமாஸ் என்று பெட்டியும் கையுமாகத் திரிந்தான். மூன்று வருசத்துக்கு முன் லாஸ் வேகாசில் ஐந்து நாள் ஒரே கதிரையில் இருந்து, கூட இருந்த எண்ணூறு பேரையும் எழுப்பி அனுப்பிவிட்டுத்தான் தான் எழும்பினான். வென்றதற்கு அடையாளமாகக் கையில் ஒரு தங்கக் காப்புப் போட்டுவிட்டார்கள். கர்க்லாண்ட் வீடும் அந்த வெற்றியில் வந்ததுதான்.

காப்பைக் கண்ட நல்லம்மா கேட்ட முதல் கேள்வி: “ஆம்பிளைப் பிள்ளைக்குக் காப்பை வைச்சு என்ன செய்யிறது? குடுத்திட்டு அட்டியலா மாத்தேலாதோ?”

மேசையில் எதிரே இருக்கிறவன் காதைச் சொறிந்தால், அவன் கையில் என்ன கடதாசி இருக்கிறது என்று வசீகரன் சொல்லிவிடுவான். தன்னுடைய முகத்தில் மட்டும் ஒன்றும் எழுதாது. விளையாடுகிறவர்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் ‘சுவர்’. ஆனால் அந்தச் சுவர் படியில் இறங்குகிற சத்தத்தை வைத்தே, “இண்டைக்குத் தோத்துப்போட்டான், ரசம் வைப்பம்” என்று தாய் சொல்லிவிடுவாள். தாயின் முகத்திலிருந்து அவன் இன்றுவரை ஒன்றும் வாசித்ததில்லை.

விளையாட்டில் வென்றவன் கலியாணத்தில் தோற்றுக்கொண்டே இருந்தான். ஏழு சம்பந்தம் பேசி ஏழும் முறிந்தன. “சூதாடிக்குக் குடுக்கிறதிலும் பாக்கப் பெட்டையைக் கிணத்துக்க தள்ளலாம்” என்றார் ஒரு தகப்பன். மொன்றியலில் கிணறு எங்கே இருக்கிறது என்று அரியரத்தினம் கேட்டதில் அந்தச் சம்பந்தம் இன்னும் கெதியாக முறிந்தது. இன்னொரு தாய், “தோத்தா வீட்டை வைச்சு விளையாடுவாரோ, பெண்சாதியை வைச்சோ?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனை வைத்தாள்.

எட்டாவதாகத்தான் யோசெப் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். யோசெப் கிழமை நாட்களில் இன்சூரன்ஸ் விற்கிறவர். சனி ஞாயிறில் கலியாணம் பேசுகிறவர். இரண்டும் ஒன்றுதான், கையெழுத்து வைத்த பிறகு ஆரும் வாசிக்கிறதில்லை என்பார்.

பெண்ணின் பெயர் சிவாஜினி. ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறாள். போன கிழமை ஜோன்-தலோன் சந்தைக்குப் பக்கத்துக் கோப்பிக் கடை ஒன்றில் இரண்டு பேரும் இருபது நிமிடம் கதைத்தார்கள். அந்த இருபது நிமிடமும் வசீகரன் அவளுடைய முகத்தை வாசிக்கப் பார்த்தான். முடியவில்லை. சிரிக்கிறாள் என்று நினைத்தால் யோசிக்கிறாள், யோசிக்கிறாள் என்று நினைத்தால் அவனுடைய கேக்கை எடுத்துச் சாப்பிடுகிறாள். தாய்க்குப் பிறகு அவனால் வாசிக்க முடியாத இரண்டாவது ஆள். கட்டினால் இவளைத்தான் என்று அவன் மனதில் விழுந்துவிட்டது.

“உங்கட வேலை எனக்கு விளங்காது. அப்பாவுக்குத்தான் சரியான சந்தோசம். ரெண்டு வருசமா அப்பிடி ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தவர்” என்றாள் சிவாஜினி.

“எப்பிடி ஒரு ஆளை?”

“யோசெப் அங்கிள் சொன்னவர், நீங்கள் கடதாசி எண்டு.”

வசீகரன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவள் கேக்கின் கடைசித் துண்டைக் காட்டி, “வேணுமோ?” என்று கேட்டாள். அவன் “வேண்டாம்” என்றான்.

“பொய். மூண்டு வயசுப் பிள்ளையள் ‘நான் கடிக்கேல்லை’ எண்டு சொல்லேக்க வாற முகம் இது” என்றாள் அவள். “ஒண்டு சொல்லிறன், ஆர் என்ன வேலை செய்தாலும் எனக்குப் பிரச்சினையில்லை. பொய் சொல்லிறவையை மட்டும் எனக்குக் கண்ணில காட்டக்கூடாது.”

வசீகரன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வந்த நாள் தொடக்கம் குசினியில் இந்தச் சண்டைதான்.

“யோசெப் அண்ணைக்கு எடுங்கோ. என்ன சொல்லி வைச்சிருக்கிறார் எண்டு நான் கேக்கிறன்.”

அரியரத்தினம் எண்ணெய்க் கையோடு போனை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

“அம்மா சொன்னதைத்தான் தம்பி சொன்னனான்” என்றார் யோசெப். “ஒரு சொல் கூட்டேல்லை, ஒரு சொல் குறைக்கேல்லை. ‘பொடியன் கடதாசி, கர்க்லாண்டில சொந்த வீடு’ எண்டன். விமலநாதன் அண்ணை கதிரையால எழும்பிட்டார்.”

“கோவத்திலயோ?”

“சந்தோசத்தில. ‘மெய்யாவோ, மெய்யாவோ’ எண்டு மூண்டு தரம் கேட்டவர். நான் இந்த வேலையில பதினெட்டு வருசம். டொக்டர் மாப்பிளைக்கும் ஆரும் கதிரையால எழும்பிக் காணேல்லை.”

போனை வைத்த பிறகு மூன்று பேரும் யோசித்தார்கள். கடதாசி விற்கிறவனுக்கு ஒரு மனுசன் ஏன் எழும்பி நிற்க வேண்டும்?

கண்டுபிடித்தவர் அரியரத்தினம்.

“விமலநாதன் வில்லரேயில பலசரக்குக் கடை மட்டுமே நடத்திறார்? கோயில் மலர்க் குழுச் செயலாளரும் அவர்தானே. வருசா வருசம் நூற்றியிருபது பக்கத்தில மலர் போட வேணும். கடதாசிக்காரன் மருமகனா வந்தா?”

“ஓசி” என்றாள் நல்லம்மா.

“ஓசிதான். அதுதான் மனுசன் எழும்பினது.”

“எனக்கு இந்தப் பகிடி வேண்டாம்” என்றான் வசீகரன். “நான் இப்பவே அவருக்கு எடுத்து உள்ளதைச் சொல்லப் போறன்.”

போனைத் தொட முன் அது அடித்தது. விமலநாதன்தான்.

“தம்பி வசீகரனோ? நான் சிவாஜினியின்ர அப்பா கதைக்கிறன்.”

“மாமா, நானே எடுக்க இருந்தனான். ஒரு விசயம் சொல்ல வேணும். நான் கடதாசி எண்டு அம்மா சொன்னது—”

“எல்லாம் கேள்விப்பட்டன் தம்பி. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ? இந்தக் காலத்துப் பொடியளுக்குக் கடதாசியைக் கையில பிடிக்கவே தெரியாது. எந்த நேரமும் போன். நீராவது இருக்கிறீர்.”

“அது வந்து மாமா, நான் என்ன செய்யிறனான் எண்டா—”

“நேரில கதைப்பம். வாற ஞாயிறு மூண்டு மணிக்கு நானும் மனுசியும் யோசெப்போட வாறம். ஒருக்காக் கண்ணால பாத்தாத்தான் எனக்கு ஆறும்.”

“எதை மாமா?”

“என்ன தம்பி பகிடியே? கடதாசியைத்தான்” என்று சிரித்துவிட்டு விமலநாதன் போனை வைத்தார்.

குசினியில் தோசை கருகுகிற மணம் வந்தது. நல்லம்மா அதைத் திருப்பவில்லை.

“கண்ணால பாக்கப் போறாராம்” என்றாள். “அப்ப நாங்கள் ஏதாவது காட்டத்தானே வேணும்.”

முதலில் ஒரு கொம்பனிப் பெயர் தேவைப்பட்டது. செவ்வாய்க்கிழமை அரியரத்தினம் சந்தியில் இருந்த அச்சுக்கடைக்குப் போய், வசீகரன் பேப்பர்ஸ் என்று ஒரு விசிட்டிங் காட் அடிக்கக் கேட்டார். கடையில் நின்ற பெண், இந்த ஊரில் கொம்பனிப் பெயர் பிரெஞ்சில் இருந்தால்தான் அழகு என்று எழுதிக் காட்டினாள். அரியரத்தினம் ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடைக் குசினியில் இருபத்தியிரண்டு வருசம் நின்றவர். கோப்பை கழுவவும் ஏச்சு வாங்கவும் வேண்டிய பிரெஞ்சு அவரிடம் தாராளமாக இருந்தது. மற்ற எதற்கும் “மெர்சி” என்று சொல்லிச் சமாளிப்பார். இங்கேயும் மெர்சி என்றார்.

“இதென்னப்பா பேர்? பாவியே வசீகரனோ?” என்றாள் நல்லம்மா, காட்டைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு.

“பாவியே இல்லை. பாப்பியே. பிரெஞ்சில கடதாசிக்கு அப்பிடித்தான். கண்ணாடியைப் போட்டு வாசியும்.”

“எனக்கெண்டால் பாவி எண்டுதான் கேக்குது.”

“எனக்கும்” என்றான் வசீகரன்.

இருநூற்றி ஐம்பது காட்டுக்குக் குறைய அடிக்கமாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். காட்டியது போக மிச்சத்தை என்ன செய்கிறது? நல்லம்மா ஒரு கட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். விமலநாதனின் காதில் விழட்டும் என்று நாலு பேருக்குத்தான் கொடுத்தாளாம். அந்த நாலு பேரும் யார் என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் வசீகரன் பேஸ்மென்றில் இருந்து கொம்பியூட்டரில் ஒரு பெரிய போட்டியின் கடைசி மேசையில் விளையாடிக்கொண்டிருந்தான். மிச்சம் நாலு பேர். போன் அடித்தது.

“பாப்பியே வசீகரனோ?”

“...ஓம்.”

“தம்பி, நான் கோயிலில அம்மாவோட கதைச்சனான். மகளின்ர சாமத்திய வீட்டுக்கு அழைப்பிதழ் அடிக்க வேணும். மினுங்கிற கடதாசி வைச்சிருக்கிறியளோ?”

“மினுங்கிறது இல்லையம்மா.”

“அப்ப கொஞ்சமா மினுங்கிறது?”

அவளைச் சமாளித்து வைக்க, அடுத்தது. பிள்ளைகளின் கொப்பிகள். அதற்கடுத்தது ஒரு பெரியவர். பழைய கடதாசியை நிறுத்து வாங்குவீர்களோ என்று கேட்டார். திரையில் வசீகரனுக்கு வந்தது விட்டுவிட வேண்டிய கை. போக்கரில் பாதி வேலை விடுகிறதுதான். பத்துக் கையில் எட்டை விடத் தெரிந்தவன்தான் வெல்லுகிறவன். விடுகிற பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோகிற நேரம் நாலாவது போன்.

“தம்பி, ரொய்லற் கடதாசி மொத்த விலைக்கு எடுக்கலாமோ? அந்த மெத்தெண்டு இருக்கிறது.”

விரல் மற்றப் பொத்தானில் விழுந்தது. முன்னால் இருந்த காசு முழுக்க நடுமேசைக்குப் போனது. ஒரு நிமிடத்தில் எல்லாம் நோர்வேக்காரன் ஒருவனுக்குச் சேர்ந்துவிட்டது. “நண்பனே, உனக்கு சுகமில்லையா?” என்று அவன் ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டிருந்தான்.

வசீகரன் படியேறி வந்தான்.

“ரசம் வைக்கட்டோ?” என்றாள் நல்லம்மா.

“அம்மா, உங்களுக்கு விளங்குதோ இல்லையோ, சிவாஜினிக்குப் பொய் பிடிக்காது. இது தெரியவந்தா அவள் திரும்பியும் பாக்கமாட்டாள்.”

“உண்மை தெரிஞ்சா அவளின்ர அப்பர் திரும்பிப் பாப்பாரோ? ஏழு பேர் பாத்தவையோ?”

வசீகரன் போனை நிற்பாட்டி மேசையில் போட்டான்.

“இப்ப பிரச்சினை அதில்லை” என்றார் அரியரத்தினம். “காட் இருக்கு, கடதாசி எங்கை? வந்த மனுசன் கேப்பார். நாலு பெட்டி வாங்கிக் கராஜுக்க வைப்பம். பேந்து வீட்டுப் பாவனைக்கும் உதவும்.”

நாலு பெட்டி பெரிய விசயமில்லை என்று வசீகரனும் விட்டுவிட்டான். அரியரத்தினம் தானே கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, ஒரு விரலால் தட்டி ஓடர் செய்தார். பக்கம் முழுக்கப் பிரெஞ்சு. எத்தனை என்று கேட்ட இடத்தில் நாலு என்று போட்டார். அதற்குப் பக்கத்தில் மூன்று சொல்லு இருந்தது. நடுச் சொல்லு ‘பலெத்’. சின்னப் பிளேற்றுப் போல ஒரு அடக்கமான சொல்லாக அவருக்குப் பட்டது. அதை அழுத்தினார்.

சனிக்கிழமை காலை வாசலில் வந்து நின்ற லொறி, வீட்டு யன்னல் எல்லாவற்றையும் மறைத்தது.

“பொன்ஜூர் மெஸ்யூ” என்றான் சாரதி. “கத்ர் பலெத்.”

“மெர்சி, மெர்சி” என்று கையெழுத்து வைத்தார் அரியரத்தினம்.

பலெத் என்றால் ஒரு மரத் தட்டு. ஒவ்வொரு தட்டிலும் ஆள் உயரத்துக்கு நாற்பது பெட்டி. நாலு தட்டையும் காருக்கு முன்னால் வரிசையாக இறக்கி வைத்துவிட்டுச் சாரதி போய்விட்டான். மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.

“நீர் ஏன் பேசாமல் நிக்கிறீர்?” என்று அரியரத்தினம் பெண்சாதியைக் கேட்டார்.

“நூற்றியறுபது பெட்டிக்கு என்ன பேசிறது எண்டு யோசிக்கிறன்.”

திருப்பி எடுக்கிறதென்றால் திங்கட்கிழமைதான் ஆள் வருமாம். அதைப் போனில் கேட்டு முடிக்க, மழை தூறத் தொடங்கியது. தூக்கத் தொடங்கினார்கள். முதலில் கராஜ் நிறைந்தது. பிறகு பேஸ்மென்ற், அதில் வசீகரனின் போக்கர் மேசை இருந்த இடம் தெரியாமல் போனது. படிக்கட்டில் ஒரு ஆள் போக வழிவிட்டு இரண்டு பக்கமும் அடுக்கினார்கள். சோபாவில் அடுக்கினார்கள். சாமி அறையில் நாலு பெட்டி போனது. கடைசியில் மிஞ்சிய பன்னிரண்டு பெட்டியையும் கதிரை போல ஹோலில் வைத்து, மேலே சேலைத் துண்டு விரித்தாள் நல்லம்மா.

“இப்ப ஆர் வந்து பாத்தாலும் கடதாசிக்காரன் வீடுதான்” என்றாள்.

“நல்லதுதான். நாளைக்கு நான் அவரை அதில இருத்தி வைச்சு உள்ளதைச் சொல்லப் போறன்” என்றான் வசீகரன், பெட்டி தூக்கி வலித்த நாரியைப் பிடித்துக்கொண்டு. “எழும்பிப் போறதெண்டாப் போகட்டும். நான் சிவாஜினிக்குப் பொய் சொன்னவனா இருக்க மாட்டன்.”

நல்லம்மா ஒன்றும் சொல்லவில்லை. அது அவனுக்குப் பயமாக இருந்தது. தாய் பேசாமல் இருந்தால் கையில் ஏதோ நல்லது வைத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

ஞாயிறு மூன்று மணிக்கு யோசெப்பின் கார் வந்தது. விமலநாதன் வடிவாக மீசை வெட்டி, கோட்டுப் போட்டு, புதுச் சப்பாத்தோடு இறங்கினார். பின்னால் அவருடைய மனைவி. மெலிந்த, அமைதியான மனுசி, கேட்டதற்கெல்லாம் சிரிப்பாள். யோசெப் மூன்றாவதாக வந்து, உள்ளே ஒரு காலை வைத்துவிட்டு மற்றக் காலை வைக்க இடம் தேடினார்.

“என்ன அண்ணை, வீடு மாறுறியளோ?” என்றார் விமலநாதன்.

“சீச்சீ, உதெல்லாம் தம்பியின்ர கடதாசி” என்றாள் நல்லம்மா.

“உவ்வளவுமோ?”

“கீழயும் இருக்கு.”

விமலநாதன் மெல்லத் தலையாட்டிவிட்டு ஒரு பெட்டியில் இருந்தார். வெறுமனே இருக்கிறது மரியாதையில்லை என்று பட்டதோ என்னவோ, பக்கத்துப் பெட்டியைத் திறந்து ஒரு தாளை உருவினார். முன்னால் பார்த்தார். திருப்பிப் பின்னால் பார்த்தார்.

“வெள்ளையா இருக்கு” என்றார்.

“ஓம்” என்றார் அரியரத்தினம்.

“ரெண்டு பக்கமுமோ?”

“ரெண்டு பக்கமும்” என்றார் அரியரத்தினம் பெருமையோடு.

வசீகரன் எதிரே இருந்து அந்த முகத்தை வாசித்தான். நல்ல கை வரும் என்று நம்பி வந்து, கடதாசியைத் திருப்பிப் பார்த்தால் ஒன்றுமில்லாத மனுசனின் முகம். வலது கால் ஆடிக்கொண்டிருந்தது. கண் மூன்று தரம் வாசலுக்குப் போனது. இவருக்கு எங்கேயோ விசயம் தெரிந்துவிட்டது என்று வசீகரன் முடிவு கட்டினான்.

நல்லம்மா வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்தாள். “மலருக்கு எவ்வளவு வேணுமெண்டாலும் நீங்கள் கூச்சப்படாமல் எடுங்கோ” என்றாள்.

“என்ன மலர்?”

“கோயில் மலர்.”

“அது நாலு வருசமா இன்ரநெற்றில எல்லோ விடுறம். அச்சடிக்கிறதை எப்பவோ விட்டாச்சு.”

அரியரத்தினம் வாய்க்குக் கொண்டுபோன தேத்தண்ணி அந்தரத்தில் நின்றது. மலர் இல்லையென்றால், கடதாசிக்கு இந்த மனுசன் கதிரையால் எழும்பியது ஏன்? அவர் பெண்சாதியைப் பார்த்தார். நல்லம்மா வடைத் தட்டத்தைப் பார்த்தாள்.

விமலநாதன் உருவிய தாளை நாலாக மடித்துப் பெட்டிமேல் வைத்தார்.

“தம்பி, நான் சுத்தி வளைச்சுக் கேக்கத் தெரியாத ஆள். நீர் மறைக்காமல் சொல்ல வேணும். நீர் கடதாசி விளையாடுறனீரோ, இல்லையோ?”

யோசெப்பின் வாயில் வடை அப்படியே நின்றது.

வசீகரனுக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல் வந்தது. நல்லது, அவராகவே கேட்டுவிட்டார். சிவாஜினியின் முகம் நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து இருந்து, “ஓம் மாமா” என்று சொல்ல மூச்சை எடுத்தான்.

“என்ன கதை கேக்கிறியள்?” என்றாள் நல்லம்மா. தட்டத்தோடு இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். “என்ர பிள்ளை விளையாட எண்டு ஒரு கடதாசியைக் கையால தொட்டதில்லை. நல்லூர்க் கந்தன் அறியச் சொல்லிறன். இந்த வீட்டில அந்தச் சனியன் விளையாட்டுக் கடதாசிக் கட்டு ஒண்டைக் கண்டியளெண்டா, இனி நான் இந்தக் குசினியில அடுப்பு மூட்டமாட்டன்.”

தட்டத்தில் வடைகள் ஒன்றோடொன்று முட்டின. வசீகரன் தாயின் கையைப் பார்த்தான். முப்பத்தி மூன்று வருசத்தில் முதல் தடவையாக அவன் தாயை வாசித்தான். கையில் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லாமல், கந்தனையும் சேர்த்து, எல்லாவற்றையும் நடுமேசைக்குத் தள்ளிவிட்டு நிற்கிறாள். இப்போது அவன் “ஓம்” என்றால், விழப்போவது அவள்.

எடுத்த மூச்சை மெதுவாக விட்டான். தோளைத் தளர்த்தினான். கண்ணை விமலநாதனின் மூக்குக்கு மேல், இரண்டு புருவத்துக்கும் நடுவில் வைத்தான். லாஸ் வேகாசில் ஐந்தாம் நாள் வைத்திருந்த அதே முகம்.

“இல்லை மாமா. எனக்கு விளையாடவே தெரியாது.”

விமலநாதன் அவனைக் கனநேரம் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட எத்தனையோ பேர் வசீகரனை அப்படிப் பார்த்திருக்கிறார்கள். சுவர் அசையவில்லை. கடைசியில் விமலநாதனின் தோள் கீழே இறங்கியது. ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. முழுதாக நம்பிவிட்டார். இவ்வளவு சுத்தமாக எடுபட்ட ஒரு புளுகை வசீகரன் எந்த மேசையிலும் விட்டதில்லை.

“சரி அண்ணை” என்று விமலநாதன் எழும்பினார். “நல்லது. அப்ப நாங்கள் வெளிக்கிடுவம்.”

“என்ன, தேத்தண்ணியும் குடிக்கேல்லை” என்றார் அரியரத்தினம்.

“வேண்டாம் அண்ணை. மனம் சரியில்லை.”

அவர் பெட்டிகளுக்கு நடுவில் தன் சப்பாத்தைத் தேடினார். யோசெப் வடையை விழுங்கிவிட்டு, ஆரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். நல்லம்மா தட்டத்தைச் சோபாப் பெட்டிகளுக்கு மேல் வைத்தாள்.

“இப்ப நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்? பிள்ளை விளையாடுறேல்லை எண்டு கந்தன்மேல ஆணையிட்டும் சொல்லியாச்சே” என்றாள்.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த விமலநாதனின் மனைவி, குனிந்து சப்பாத்துக்குள் காலை விட்டபடி சொன்னாள்:

“குறை நினையாதையுங்கோ அக்கா, உங்கட கடதாசி நல்ல கடதாசிதான். ஆனா கடதாசியில முந்நூற்றி நாலு விளையாடச் சோடியில்லாமல் ரெண்டு வருசமா அலையிற மனுசன் இவர், ‘பொடியன் கடதாசி’ எண்டு நீங்கள் ஒளிக்காமல் சொல்லிவிட்ட உடன, கடதாசி விளையாடுற மருமகன் கிடைச்சிட்டான் எண்டெல்லோ இவ்வளவு தூரம் ஓடி வந்தவர்.”